ஆம்பளைக் கூலி, பொம்பளைக் கூலி

“பொம்பளை விரலுக்குத்தான் காய் பார்க்கத் தெரியும், படைப்பே அப்படி.” போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் விடுபவர்கள் சொல்வது. ஏலச்செடியில் சரம் அடித்தூரில், தரையை ஒட்டி வரும். முற்றிய காயை மட்டும் நாள் முழுக்கக் குனிந்து தேடிப் பறிக்க வேண்டும். இடுப்பு ஒடியும் இதற்குப் பெயர் ‘லேசான வேலை’. மருந்தடிப்பும் கவாத்தும் ‘ஆம்பளை வேலை’. சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. காட்டு வேலையில் பொம்பளைக் கூலி இன்னும் ஒரு படி கீழேதான்.

இதில் உடம்பின் பங்கு எவ்வளவு, ஊரார் கண்ணின் பங்கு எவ்வளவு? பால் மாறி வாழ்பவர்களிடம் கேட்டால் கொஞ்சம் துலங்கும்.

“ஹார்மோன் ஏற்றினால் ஆளே மாறிவிடுவார்” என்பது பாதி உண்மை. டெஸ்டோஸ்டிரோன் குரல்நாணைத் தடிக்கவைக்கும். ஆணாக மாறும் திருநம்பிக்குக் குரல் உடையும். ஈஸ்ட்ரோஜன் அதைத் திருப்பிப் போடாது. திருநங்கை குரலைப் பழக்கித்தான் எடுக்க வேண்டும், தாடிக்கு லேசர் போன்ற சிகிச்சைதான். ரத்தத்தில் ஹீமோகுளோபின் நான்கு மாதத்துக்குள் பெண்களின் அளவுக்கு இறங்கிவிடும். தசை பலம் அப்படியில்லை. மூன்று வருடம் கழித்தும் கொஞ்சம் தங்கும். ஆகவே எல்லாமே வளர்ப்புதான் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கூலியை நிர்ணயிக்கிற ஹார்மோன் எதுவும் இல்லை.

“அறிவிலேயே வித்தியாசம் இருக்கு” என்பவர்களுக்கு பென் பாரெஸின் கதை. ஸ்டான்ஃபோர்டில் நரம்பியல் விஞ்ஞானியாக இருந்தவர். பெண்ணாக வளர்ந்து, 1997இல் ஆணாக மாறியவர். அவர் உரையைக் கேட்ட ஒருவர், விவரம் தெரியாமல், இவருடைய ஆராய்ச்சி இவர் தங்கையுடையதைவிட எவ்வளவோ மேல் என்றாராம். அந்தத் ‘தங்கை’யும் அவரேதான்! 2008இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வும், சிறியதுதான், இதையே காட்டியது: பெண்ணாக மாறியவர்களின் வருமானம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆணாக மாறியவர்களுக்குக் குறையவில்லை, லேசாக ஏறவும் செய்தது.

அதற்காக, “இரண்டு கரையும் பார்த்தவர் சொல்வதே தீர்ப்பு” என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. திருநங்கையை நம் ஊர் பெண்ணாக நடத்துவதில்லை, திருநங்கையாகத்தான் நடத்துகிறது. திருநங்கையான லிவிங் ஸ்மைல் வித்யா மொழியியலில் முதுகலை படித்தவர். அவரும் புனே ரயில்களில் கைநீட்ட வேண்டியிருந்தது. எந்தப் பெண்ணின் சம்பளத்தோடு அதை ஒப்பிடுவது?

திருநம்பிகள் பாடு வேறு. திருநங்கைகளின் வாழ்க்கைக் கதைகளில் பெரும்பாலும் ஒரு கட்டம் வரும்: பையனாக இருக்கும்போதே வீட்டைவிட்டுக் கிளம்பி, திருநங்கைகளின் குழுவான ஜமாத்தில் சேர்வது. ஆனால் கம்பத்தில் மகளாக வளரும் பிள்ளை ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் சொந்தபந்தம் தேடிக் கிளம்பிவிடும். அடுத்து மாப்பிள்ளை பார்ப்பார்கள். திருநம்பிகள் இங்கே எண்ணிக்கையில் குறைவு என்கிறார்களே, அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது இந்தக் காவல்தான்.