வளரிளம் பருவத் தன்னடையாள ஆய்வுகளும் குறிப்புரை நூலடைவும்
(ஜவ்வாது மலை இளையோரை முன்வைத்து)

முன்னுரை

ஆய்வு மாணவர் முதற்கண் எழுத வேண்டுவது ஆய்வேடன்று, நூலடைவே. தமக்கு முன் அத்துறையில் யார் யார் என்னென்ன கூறினர் என்பதை அறியாதார் புதிதாக ஒன்றைக் கூறுதல் அரிது. நூற்பெயர்களை அகர வரிசையில் அடுக்கினால் அது துணைநூற்பட்டியல். ஒவ்வொரு பெயரின் கீழும் அந்நூலின் பொருள், ஆய்வு முறை, பயன், குறை ஆகியவற்றைச் சில வரிகளில் மதிப்பிட்டு எழுதினால் அது குறிப்புரை நூலடைவு.

ஜவ்வாது மலை மக்களின் வாய்மொழி வழக்காறுகளில் இளையோர் வாழ்வு இடம்பெறும் பாங்கினை ஆராய முற்பட்ட நம் மாணவர் சிலர், அதற்கு முன்னோடியாக, வளரிளம் பருவத்தினர் ‘நான் யார்’ எனத் தம்மை உணரும் வளர்ச்சி பற்றிய நூலடைவு ஒன்றைத் தொகுத்தனர். அம்முயற்சியில் நாம் கற்றவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நூலடைவு மரபு

இக்கலை மேலை நாட்டினர்க்கே உரியதென மாணவர் எண்ணுவதுண்டு. அஃது உண்மையன்று. பக்தாது நகரில் நூல்களைப் படியெடுத்து விற்கும் தொழிலினரான இப்னு நதீம், கி.பி. 987 அளவில் ‘அல் ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூலடைவைப் பத்துப் பகுதிகளாக அமைத்தார். நூலின் பெயரோடு ஆசிரியர் வரலாறும், தாமே கண்ட படிகள் பற்றிய செய்தியும் அதில் உள. தமிழில் அச்சான நூல்களுக்கு ஜான் மர்டாக் 1865இல் வெளியிட்ட வகைப்பாட்டுப் பட்டியல் முன்னுரைக் குறிப்புகளோடு அமைந்தது. ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை ஏற்குமுன், அதனைச் சொன்னவர் யார், யாரிடம் கேட்டார் என அறிவிப்பாளர் வரிசையை ஆராய்வர். நூலடைவு எழுதுவோர்க்கும் அவ்வினாவே உயிராகும்.

ஒரு மாணவியின் வினா

மாணவர் கொணர்ந்த நூலடைவில் நாற்பது பதிவுகள் இருந்தன. எழுத்துப் பிழை இல்லை; ஆண்டுகள் ஒழுங்காக இருந்தன. நாமும் படித்து ஒப்புதல் கையொப்பம் இட்டோம். அதனை வகுப்பில் வாசித்தபோது, மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயிலும் மாணவி ஒருவர் எழுந்து, “ஐயா, இந்த நாற்பதுல எங்க ஊர்ப் பிள்ளைங்க எங்க இருக்காங்க?” என வினவினார். நம்மிடம் விடையில்லை. மீண்டும் புரட்டிப் பார்த்தபோதுதான், ஒரு பதிவிலேனும் ‘யாரை ஆராய்ந்தனர்’ என்னும் செய்தி இல்லாமை புலனாயிற்று. முடிவுகள் மட்டும் இருந்தன. அம்முடிவுகளுக்கு உரியோர் இல்லை. கையொப்பமிட்ட நம்முடைய பிழையே அது.

அடிப்படை நூல்கள்

இத்துறையின் தொடக்க நூல்களுள் ஒன்று ஸ்டான்லி ஹால் 1904இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட ‘வளரிளம் பருவம்’. இப்பருவம் கொந்தளிப்பு மிக்கது என்பது அவர் கொள்கை. மார்கரெட் மீட் சமோவாத் தீவின் பெண்களிடையே தங்கி ஆராய்ந்து, அக்கொந்தளிப்பு எல்லாச் சமூகத்திற்கும் பொதுவன்று என 1928இல் எழுதினார். டெரக் ஃப்ரீமன் 1983இல் அந்நூலைக் கடுமையாக மறுத்தார். மீடின் நூலைப் பதிவு செய்வோர் ஃப்ரீமனின் மறுப்பையும் சுட்டாவிடில், படிப்போர் வழக்கின் ஒரு பக்கத்தையே அறிவர்.

எரிக் எரிக்சன் 1950இல் ‘குழந்தைமையும் சமூகமும்’ என்னும் நூலிலும், 1968இல் இளமையின் தன்னடையாள நெருக்கடி பற்றிய நூலிலும் இத்துறைக்குக் கால்கோள் இட்டார். அவர் கருத்தை அளந்தறியும் வடிவிற்குக் கொணர்ந்தவர் ஜேம்ஸ் மார்சியா. அவர் கட்டுரைக்குத் திருத்தி எழுதப்பட்ட பதிவை மாதிரியாகத் தருகிறோம்:

“மார்சியா, ஜேம்ஸ், 1966. தன்னடையாள நிலைகளை நேர்காணல் வழி அறியும் முறை பற்றிய கட்டுரை. தேடல், பற்றுறுதி ஆகிய இரண்டும் உளவா இலவா எனக் கண்டு நால்வகை நிலைகளை வகுக்கிறது: இரண்டும் இன்மை, தேடாமலே ஏற்றல், தேடிக்கொண்டிருத்தல், தேடி அடைதல். ஆராயப்பட்டோர் அமெரிக்கக் கல்லூரி ஆண் மாணவர் 86 பேர். தொழில், சமயம், அரசியல் பற்றி வினவப்பட்டனர். பெண்களும் கல்லூரியை எட்டாதோரும் இதில் இல்லை. தொழிலைத் தெரிவு செய்யும் வாய்ப்புடையோர்க்கே இவ்வளவுகோல் செம்மையாகப் பொருந்தும்.”

இறுதி நான்கு தொடர்களும் முதற்படியில் இல்லை. அவற்றின் இன்றியமையாமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தந்தையோடு சாமை விதைத்து, அத்தொழிலையே மேற்கொள்ளும் மலைச் சிறுவனை மார்சியாவின் அளவுகோல் ‘தேடாமலே ஏற்றவன்’ என வகைப்படுத்தும். அவன் தேடவில்லையா, தேடுதற்குரிய கதவு திறக்கப்படவில்லையா என அது வினவாது. அச்சொல் ஓர் ஆசிரியரின் அறிக்கையில் ‘முனைப்பற்றவன்’ என மாறி நுழைந்தால், பாதிக்கப்படுவது ஒரு பிள்ளையின் எதிர்காலமாகும்.

ஆகவே அளவுகோலைத் திருத்திய நூல்களையும் உடன் வைத்தல் வேண்டும். கரோல் கில்லிகன் 1982இல், ஆண்களை வைத்து வகுத்த வளர்ச்சிக் கோட்பாடுகள் பெண்களின் குரலைக் கேளாது விட்டன எனக் காட்டினார். ஜீன் ஃபின்னி அமெரிக்கச் சிறுபான்மை இளையோர் தம் இன அடையாளத்தைத் தேடியுணரும் முறையை ஆராய்ந்து, 1992இல் அதற்கென ஓர் அளவுகோல் வகுத்தார். இந்தியச் சூழலுக்குச் சுதிர் காக்கர் 1978இல் எழுதிய நூல் பயன்படும். டி. எஸ். சரஸ்வதி 1999இல், இந்தியாவில் வளரிளம் பருவம் என்பது கற்பனையா, உருவாகி வரும் உண்மையா என்னும் வினாவையே எழுப்பினார்.

அவ்வினா நமக்குப் புதிதன்று. பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழாக வகுத்தன. இஸ்லாமிய நெறியில் பருவமெய்திய ஒருவர் தொழுகை, நோன்பு முதலிய கடமைகளுக்குத் தாமே பொறுப்பாளர் ஆகிறார். பருவத்தின் எல்லையைச் சமூகந்தோறும் வெவ்வேறாக வகுத்துள்ளனர் என்பது இவற்றால் பெறப்படும்.

மலையும் பெயரும்

ஜவ்வாது மலையின் பெரும்பான்மைக் குடியினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். மலையில் வாழ்வோர் என்பதே இப்பெயரின் பொருள். அவர்தம் தாய்மொழி தமிழ். தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளுள் இம்மக்கள் பற்றிய பதிவு உண்டு. சமவெளியினின்று மலைக்குக் குடியேறினர் என்னும் மரபுக் கதையை அது குறிக்கிறது. எனினும் நூலகப் பட்டியலிலோ, ஆய்வேடுகளைத் தாங்கும் சோத்கங்காத் தளத்திலோ ‘மலையாளி’ எனத் தேடினால் கேரள மக்கள் பற்றிய நூல்களும் கலந்து வரும். மலையின் பெயரையும் மாவட்டப் பெயரையும் சேர்த்துத் தேடுதலே வழி. 2019இல் திருப்பத்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டமையால், பழைய ஏடுகளை வட ஆர்க்காடு, வேலூர், திருவண்ணாமலை என்னும் பெயர்களிலும் தேடுதல் வேண்டும்.

நூலகத்தில் நேரும் இக்குழப்பம் வகுப்பறையிலும் நேர்கிறது. மலையாளி எனத் தம் குலத்தைக் கூறும் மாணவர், “கேரளமா?” என்னும் வினாவிற்கு மீண்டும் மீண்டும் விடை கூற வேண்டியுள்ளது. பட்டியல் பழங்குடி ஆணையோ இப்பெயரைக் குறிப்பிட்ட சில மாவட்டங்களுக்கே வரையறுத்துள்ளது. ஈரோடு மாவட்ட மலைகளில் அதே பெயரோடு வாழ்வோர் அச்சான்றிதழுக்காக நெடுங்காலம் கோரி வந்துள்ளனர். வீட்டார் அழைக்கும் பெயர், பள்ளிப் பதிவேட்டுப் பெயர், சான்றிதழ்ப் பெயர் ஆகிய மூன்றனுக்கும் இடையே வளரும் பிள்ளையின் தன்னடையாளத்தை 86 அமெரிக்க மாணவரைக் கொண்டு மட்டும் அளத்தல் தகுமோ?

எழுதுவோர்க்குச் சில நெறிகள்

1. கண்ணால் காணாத நூலைப் பதிவு செய்தல் கூடாது. இல்லாத நூலையும் இருப்பதாகக் கூறும் கணினிக் கருவிகள் வந்துவிட்ட இக்காலத்தில் இந்நெறி இருமடங்கு தேவையாகும்.

2. நூலின் சுருக்கத்தை அப்படியே பெயர்த்தெழுதுதல் குறிப்புரை ஆகாது, மதிப்பீடு வேண்டும்.

3. ஆராயப்பட்டோரின் வயது, பால், நாடு, எண்ணிக்கை ஆகியவற்றைத் தவறாது தருக.

4. நம் மண்ணுக்கு எவ்வளவு பொருந்தும் என ஒரு தொடரேனும் எழுதுக.

5. அகர வரிசையினும் கால வரிசை இத்துறைக்கு ஏற்றது. ஒருவரை மற்றவர் திருத்திய வரலாறு அதில் புலப்படும்.

முடிவுரை

நூலடைவு மீண்டும் எழுதப்பட்டது. நாற்பது பதிவுகள் இருபத்தாறாகக் குறைந்தன, ஒவ்வொன்றும் நீண்டது. ‘யாரை ஆராய்ந்தனர்’ என்னும் வரியை எல்லாப் பதிவுகளிலும் சரிபார்க்கும் பணியை அம்மாணவியே ஏற்றார். வாசகரின் காலத்தைக் காத்தல் வேண்டும் என்பது சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகளுள் ஒன்று. குறிப்புரை நூலடைவு அக்காலத்தைக் காப்பதோடு, நூல்களில் இடம்பெறாதோரின் மதிப்பையும் காக்க வல்லது. இனி எந்நூலடைவிலும் கையொப்பமிடுமுன், ‘இதில் எங்கள் பிள்ளைகள் எங்கே’ என்னும் வினாவை நாமே முதலில் எழுப்புவோம்.