கையெழுத்து காக்குமா கார்டை?

கார்டு மோசடி பற்றிப் பேச்சு வந்தால் கூடவே ஒரு யோசனையும் வந்துவிடுகிறது. பின் நம்பரை எட்டிப் பார்த்துத் திருடலாம், ஓடிபியை ஏமாற்றிக் கேட்டு வாங்கலாம். ஒருவர் கையெழுத்துப் போடும் விதத்தை யார் திருட முடியும்? கடையில் ஒரு மின்பலகையை வைத்து, போடுகிற கையெழுத்தை இயந்திரமே சரிபார்த்துவிட்டால் கவலை விட்டது அல்லவா?

யோசனையில் நியாயம் உண்டு. தொழில்நுட்பமும் பொய்யில்லை. 1977-லேயே ஐபிஎம் நிறுவனத்தின் ஹெர்ப்ஸ்ட், லியூ என்ற இரு ஆய்வாளர்கள், பேனா நகரும்போது ஏற்படும் முடுக்கத்தை அளந்து கையெழுத்தைச் சரிபார்க்கும் முறையை வெளியிட்டார்கள். ஆனால் இதன்மேல் நாம் ஏற்றி வைத்திருக்கும் நம்பிக்கைகள் பல, பணம் எந்த வழியாகப் பறிபோகிறது என்பதைப் பார்க்கவிடாமல் கண்ணை மறைக்கின்றன.

நம்பிக்கை: கார்டின் பின்னால் இருக்கும் கையெழுத்து இத்தனை காலம் நம்மைக் காத்துவந்தது.

காத்தது மிகக் குறைவு. கார்டின் முதுகில் இருக்கும் அந்த வெள்ளைப் பட்டையை நினைத்துப் பாருங்கள். ஒரு விரல் அகலத்துக்குள் கையெழுத்தை நெருக்கிப் போட வேண்டும். பேனா வழுக்கும். பர்ஸுக்குள் உரசி உரசி நாளடைவில் பாதி அழிந்துபோகும். பில் போடும் இடத்தில் வரிசை நீண்டு நிற்கும்போது, கையெழுத்து ஆராய்ச்சியில் எந்தப் பயிற்சியும் இல்லாத ஊழியர் அதையும் சீட்டில் இருப்பதையும் ஒப்பிட்டு, "இது உங்கள் கையெழுத்து இல்லை" என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? அதைவிடப் பெரிய குறை, பார்த்துப் பழக வேண்டிய மாதிரியும் கார்டிலேயே இருப்பது. கார்டைத் திருடியவனுக்கு அதுவும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது.

சீட்டில் வாங்கிய கையெழுத்துக்கு வேறொரு பயன் இருந்தது. "இந்தச் செலவை நான் செய்யவில்லை" என்று வாடிக்கையாளர் மறுத்தால், கடைக்காரர் எடுத்துக் காட்ட ஒரு சான்று. நடந்து முடிந்த பிறகு வழக்காட அது உதவியது, நடப்பதைத் தடுக்கவில்லை.

இதை உணர்ந்துதான் பிரிட்டன் 2006 பிப்ரவரி 14 முதல் கடைகளில் சிப்பும் பின் நம்பரும் என்ற முறைக்கு முழுதாக மாறியது. இந்தியாவில் கடைகளில் டெபிட் கார்டு தேய்க்கப் பின் நம்பர் கட்டாயம் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2013 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கையெழுத்தை நெடுங்காலம் பிடித்துவைத்திருந்த அமெரிக்காவிலும் 2018 ஏப்ரலில் விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், டிஸ்கவர் ஆகிய நான்கும் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தின.

கையெழுத்தே போடாமல் பட்டையை வெறுமையாக விட்டால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி விட்டால் திருடன் தன் கையெழுத்தையே அதில் போட்டுக்கொள்வான். பிறகு சீட்டில் அவன் போடுவதும் கார்டில் இருப்பதும் அச்சு அசலாகப் பொருந்தும்.

நம்பிக்கை: இயந்திரமும் படத்தைத்தான் ஒப்பிடுகிறது, வரையத் தெரிந்தவன் அதையும் ஏமாற்றிவிடுவான்.

இங்கே இயந்திரத்துக்கு உரிய நியாயத்தைச் செய்ய வேண்டும். காகிதத்தில் போட்டு முடித்த கையெழுத்தை ஸ்கேன் செய்து உருவத்தை ஒப்பிடுவது ஒரு வகை. கை நகர நகர அளந்துகொண்டே போவது இன்னொரு வகை. பயோமெட்ரிக் கையெழுத்து என்று சிறப்பாகச் சொல்லப்படுவது இந்த இரண்டாவது வகை. மின்பலகை ஒரு நொடிக்குள் நூறு தடவை போலப் பேனா முனை எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. எந்த வளைவில் கை வேகமெடுத்தது, எங்கே தயங்கியது, எவ்வளவு அழுத்தியது, பேனா எப்போது மேலே போய் எங்கே இறங்கியது என்பதெல்லாம் பதிவாகிறது.

தமிழில் 'செந்தில்' என்று கையெழுத்துப் போடும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 'ந' எழுதிய கையோடு அதற்குப் புள்ளி வைத்துவிட்டு 'தி'க்குப் போவார். இன்னொருவர் நான்கு எழுத்தையும் ஒரே ஓட்டத்தில் எழுதி முடித்து, கடைசி 'ல'வுக்குப் புள்ளி வைத்து, கையைப் பின்னால் கொண்டுபோய் 'ந'வுக்கும் ஒரு புள்ளி வைப்பார். காகிதத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கலாம். மின்பலகைக்கு இரண்டும் வேறு வேறு. கள்ளக் கையெழுத்துப் போடுகிறவன் உருவத்தைச் சரியாகக் கொண்டுவர வேண்டும் என்பதிலேயே குறியாக இருப்பதால் மெதுவாக வரைவான். உரியவரின் கை யோசிக்காமல் ஓடும். இயந்திரம் அந்த ஓட்டத்தைப் பார்க்கிறது. படத்தை மட்டும் வைத்துப் பழகியவன் அதில் எளிதில் தேற மாட்டான்.

நம்பிக்கை: இயந்திரம் தவறே செய்யாது.

2004-ல் முதல் பன்னாட்டுக் கையெழுத்துச் சரிபார்ப்புப் போட்டி நடந்தது. ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் 20 அசல் கையெழுத்துகள், 20 கள்ளக் கையெழுத்துகள் திரட்டப்பட்டன. கள்ளக் கையெழுத்துப் போட்டவர்கள், அசல் எழுதப்படும் வரிசையைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்துப் பழகிக்கொள்ள முடிந்தது. முதலிடம் பெற்ற துருக்கியின் சபாஞ்சி பல்கலைக்கழக அணியின் பிழை 2.84 சதவீதம். அசலைப் போலி என்று தள்ளுவதும் போலியை அசல் என்று ஏற்பதும் ஒரே அளவில் இருக்கும்படி இயந்திரத்தை நிறுத்தினால் வரும் கணக்கு இது.

கேட்க நல்ல எண்ணாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாளில் ஒரு லட்சம் பேர் தங்கள் சொந்தக் கார்டுக்குச் சொந்தக் கையெழுத்தைப் போடுகிறார்கள் என்று வையுங்கள். இந்தக் கணக்கின்படி 2,840 பேரை இயந்திரம் "நீங்கள் நீங்களில்லை" என்று திருப்பி அனுப்பும். அவர்களைக் காப்பாற்ற விதியைத் தளர்த்தினால் போலிகள் உள்ளே வரும். போலியை நிறுத்த இறுக்கினால் உரியவர்கள் வெளியே நிற்பார்கள். பிறகு வந்த முறைகள் எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன. இந்த இழுபறி மட்டும் எந்த முறையிலும் தீர்ந்துவிடவில்லை.

அதே போட்டியில் இன்னொரு பாடமும் இருந்தது. பேனாவின் இடத்தோடு அழுத்தம், சாய்வு ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுத்தபோது அதே அணியின் பிழை 2.89 சதவீதம். கூடுதலாக அளந்தால் கூடுதலாகத் தெரியும் என்று நாம் நினைப்போம், நடந்தது அதுவல்ல. அசல் ஆளின் அழுத்தமே தடவைக்குத் தடவை மாறுகிறது. பரிசோதனையில் மின்பேனா இருந்தது. விரலால் செல்போன் கண்ணாடியில் கிறுக்கும் கையெழுத்தில் பேனாவின் சாய்வு ஏது, நிதானம் ஏது?

திருப்பி அனுப்பப்படுபவர் யார் என்று யோசித்தால் எனக்கு மனம் கனக்கிறது. கை நடுங்கும் முதியவர், பக்கவாதம் வந்து மீண்டவர், நடுக்குவாத நோயாளி, மணிக்கட்டில் கட்டுப் போட்டவர், வயது வந்த பிறகு கையெழுத்துப் போடக் கற்று, இன்னும் கை நிலைக்காத பெண்மணி. "கையெழுத்து மாறியிருக்கு, மறுபடி போடுங்க" என்ற வார்த்தையை வங்கிக் கவுண்டரில் கேட்டு அவமானத்தோடு நின்ற பெரியவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். ஊழியரிடமாவது நம் நிலைமையை எடுத்துச் சொல்லலாம்.

நம்பிக்கை: உடல் அடையாளத்தை யாராலும் திருட முடியாது.

2014 டிசம்பரில் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர்கள் அமைப்பின் கூட்டத்தில் யான் கிரிஸ்லர் என்ற ஆய்வாளர், அந்நாட்டின் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் உர்சுலா வான் டெர் லேயனின் கைரேகையைப் புகைப்படங்களிலிருந்தே எடுத்துவிட்டதாக விளக்கிக் காட்டினார். 2015-ல் அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் களவுபோயின. பின் நம்பர் போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது.

கையெழுத்துக்கு இங்கே ஒரு நல்ல குணம் உண்டு. அதை மாற்றிக்கொள்ள முடியும், நாமாக விரும்பிப் போட்டால்தான் அது உண்டாகிறது. தூங்குகிறவரின் விரலை எடுத்து வைப்பதுபோல் ஒருவரின் கையெழுத்தை எடுக்க முடியாது. ஆனால் கை நகர்ந்த அளவுகள் ஒரு கோப்பாக எங்கோ சேமிக்கப்படுகின்றன. அந்தக் கோப்பு ஒரே கணினியில் கோடிக்கணக்கில் குவிந்திருந்தால் அதுவே கொள்ளைக்காரர்களின் குறி. 2017-ல் மாஸ்டர்கார்டு தென்னாப்பிரிக்காவில் சோதித்த கைரேகைக் கார்டில், ரேகையின் பதிவு கார்டின் சிப்புக்குள்ளேயே இருந்தது. கையெழுத்துக்கும் அப்படிப்பட்ட ஏற்பாடுதான் வேண்டும். எந்த நிறுவனமாவது உங்கள் கையெழுத்தை மின்பலகையில் வாங்கினால், அந்தப் பதிவை எங்கே, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நம்பிக்கை: இது வந்துவிட்டால் கார்டு மோசடி ஒழிந்துவிடும்.

மற்றவற்றை விட்டாலும் இதை விடக் கூடாது. ஐரோப்பிய மத்திய வங்கியின் கணக்குப்படி 2019-ல் அங்கே நடந்த கார்டு மோசடித் தொகையில் 80 சதவீதம், கார்டை நேரில் நீட்டாத பரிவர்த்தனைகளில் போனது. இணையத்தில் கார்டு எண்ணைத் தட்டுகிற இடத்தில் பேனாவும் இல்லை, பலகையும் இல்லை. கடைக் கவுண்டரில் எவ்வளவு நல்ல பூட்டைப் போட்டாலும் அந்தப் பணத்தை அது காக்காது.

கவுண்டரிலும் நடந்த கதை ஒன்று உண்டு. 2010-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராஸ் ஆண்டர்சன் உள்ளிட்ட நால்வர், சிப் கார்டில் ஒரு ஓட்டை இருப்பதை வெளியிட்டார்கள். கார்டுக்கும் கடைக் கருவிக்கும் நடுவே ஒரு சிறு மின்சுற்றை நுழைத்தால், எந்த நான்கு எண்ணைத் தட்டினாலும் கருவி "பின் நம்பர் சரி" என்று நம்பிவிடும். அதே வேளையில் கார்டின் சிப், "பின் நம்பர் கேட்கப்படவில்லை, கையெழுத்து வாங்கியிருப்பார்கள்" என்று நினைத்துக்கொண்டு ஒப்புதல் தரும். அடுத்த ஆண்டே பிரான்சைச் சேர்ந்த ஒரு கும்பல் இதைச் செய்தே காட்டியது. திருட்டுக் கார்டுகளின் சிப்மேல் இன்னொரு சிப்பை ஒட்டி, சுமார் 40 கார்டுகளில் 7,000-க்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளைச் செய்து, ஏறத்தாழ 6 லட்சம் யூரோ பறித்தது.

அவர்கள் பின் நம்பரை உடைக்கவில்லை. பழைய பழக்கத்துக்காகத் திறந்து வைத்திருந்த கையெழுத்து என்ற பக்கவாட்டு வழியில் போனார்கள். கையெழுத்து இயந்திரத்துக்கும் இதே சிக்கல் வரும். இயந்திரம் ஒத்துக்கொள்ளாத உண்மையான வாடிக்கையாளரைக் கடை திருப்பி அனுப்ப முடியாது. ஓடிபி, போன் அழைப்பு, மேலாளர் ஒப்புதல் என்று ஏதாவது ஒரு மாற்றுவழி வைத்தே ஆக வேண்டும். திருடன் அந்த வழியாகத்தான் வருவான்.

நம் ஊரில் நடப்பது இதைவிட எளிது. "உங்கள் கார்டு இன்றிரவு பிளாக் ஆகிவிடும்", "ரிவார்டு பாயிண்ட் காலாவதியாகிறது" என்று ஒரு குரல் அழைக்கிறது. பதறிப்போன மனிதர் தாமே ஓடிபியைச் சொல்கிறார், அல்லது அவர்கள் சொல்லும் செயலியை இறக்கித் தம் திரையையே காட்டிவிடுகிறார். ஓடிபிக்குப் பதில் கைரேகை, கையெழுத்து எதைக் கேட்டாலும் அந்தப் பதற்றத்தில் அதையும் கொடுப்பார். அசல் ஆளே அசல் கையால் போட்டது என்று இயந்திரமும் சரியாகவே சொல்லும். ஏமாற்றப்பட்டுப் போட்டாரா என்பதை அளக்க எந்த மின்பலகையும் இல்லை.

அதனால் கையெழுத்துச் சரிபார்ப்பை அதற்குரிய இடத்தில் வையுங்கள் என்பதே என் முடிவு. வங்கியில் நேரில் வந்து கடன் பத்திரத்தில் ஒப்பமிடுவது, கணக்குத் தொடங்குவது போன்ற, நிதானமாகப் போடும், பிறகு வழக்கு வரக்கூடிய காரியங்களுக்கு அது நல்ல துணை. கார்டுக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கார்டுக்குச் செய்ய வேண்டியது இப்போதே நம் கையில் இருக்கிறது. வங்கியின் செயலியைத் திறந்து, இணையப் பரிவர்த்தனை, வெளிநாட்டுப் பரிவர்த்தனை, தட்டிச் செலுத்தும் வசதி ஆகியவற்றில் தேவையில்லாததை அணைத்துவிடுங்கள். தேவையானதற்கு உச்சவரம்பு வையுங்கள். நீங்கள் செய்யாத செலவுக்கு எஸ்எம்எஸ் வந்தால் அந்த நிமிடமே கார்டை முடக்கி, வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியில் நடந்த மோசடியை, தகவல் வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது. நீங்களே ஓடிபியைச் சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு உங்களுடையது. தெரிவித்த பிறகு நடப்பது வங்கியுடையது. அவமானமாக இருக்கிறதே என்று வீட்டில் மறைத்து ஒரு மணி நேரத்தைக்கூடப் போக்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களின் செல்போனில் வங்கியின் புகார் எண்ணையும் 1930-ஐயும் இன்றே பதிந்து கொடுத்துவிடுங்கள்.