வீட்டுக் கணக்கும் உம்மாவின் தையலும்

உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் எவரும் முதல் மாதத்திலேயே சந்திக்கும் ஒரு சொற்றொடர் ‘வணிக உட்பொருள் எண்ணக்கரு’. வணிகம் வேறு, அதன் உரிமையாளர் வேறு என்பதே அதன் பொருள். கடைக்காரர் தன் கடையிலிருந்து ஒரு மூடை அரிசியை வீட்டுக்கு எடுத்துப் போனால், அது கடையின் செலவு அல்ல. அதை ‘எடுப்பனவு’ என்று தனியாகப் பதிய வேண்டும். பரீட்சையில் இரண்டு புள்ளிக்குக் கேட்கப்படும் இந்தப் பாடத்தைப் பலரும் மனனம் செய்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறோம். எங்கள் தீவின் வீடுகளுக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் அந்தப் புத்தகத்தில் இல்லை என்பது என் எண்ணம். காரணத்தைச் சொல்வதற்கு முன், எங்கள் வீடுகளுக்குப் பணம் எப்படி வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

குடும்ப வரவு செலவு பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. வருமானத்தை இத்தனை பங்காகப் பிரியுங்கள், ஒரு பங்கைச் சேமியுங்கள் என்று அவை சொல்லும். கடலை நம்பிய வீட்டில் பிரிப்பதற்கு நிலையான ஒரு தொகை கிடையாது. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். வாடைக் காலத்தில் பாக்கு நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். இவற்றுக்கு இடையிலும் திங்கள், புதன், சனி இரவுகளில் இந்திய இழுவைப் படகுகள் வரும் என்ற பயத்தில் பலர் வலையைக் கடலில் இறக்குவதில்லை. வலை அறுந்தால் நட்டம் ஒரு நாளோடு முடிவதில்லை. பிடிபட்ட மீன் விற்றதும் முதலில் எண்ணெய்ச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் படகுக்கும் ஆட்களுக்கும் பங்கிடுவார்கள்.

அந்த எண்ணெய்ச் செலவு என்ன ஆனது என்பதற்கு ஒரு கணக்கு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் உயர்ந்தது. ஒரு முறை கடலுக்குப் போய்வர 25 லீற்றர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 2,175 ரூபாயாக இருந்த செலவு 8,500 ரூபாயானது. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த 8,500 போய்விடும். அதற்கு அடுத்த மாதம், 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 சதவீதம். முந்திய ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய உணவை வாங்க ஏறத்தாழ 195 ரூபாய் தேவைப்பட்டது. பொருளியல் பாடத்தில் இதைப் படிக்கும் தங்கைகள், அந்த எண்ணை உங்கள் வீட்டுச் சோற்றுப் பானையோடு சேர்த்துப் பாருங்கள்.

வரவுக்குக் காற்று நாட்காட்டி என்றால், செலவுக்கு எங்களுக்கு இன்னொரு நாட்காட்டி இருக்கிறது. நோன்பும் இரண்டு பெருநாட்களும் பிறைக் கணக்கில் வருவதால் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கின்றன. நல்ல மீன்பிடி மாதத்தில் வந்த பெருநாள் சில ஆண்டுகளில் கடல் கொந்தளிக்கும் மாதத்துக்குப் போய்விடும். 2030ஆம் ஆண்டில் றமழான் இரண்டு தடவை தொடங்கும்: ஜனவரியில் ஒன்று, டிசெம்பர் கடைசியில் இன்னொன்று. இரண்டுமே வாடைக் காலம். ஜனவரி நோன்போடு புதிய பாடசாலை ஆண்டின் சீருடையும் சப்பாத்தும் சேர்ந்துகொள்ளலாம். இதைச் சொன்னபோது உம்மா சிரித்துவிட்டு, “அதுக்கு இன்னும் எத்தின வருசம் கிடக்கு மகள்” என்றார். கிடக்கத்தான் செய்கிறது. ஆனால் திகதி தெரிந்த செலவு இது ஒன்றுதான். மற்றவை சொல்லாமல் வருகின்றன.

வரவும் செலவும் இப்படி ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கும் இடைவெளியை எங்கள் ஊர்களில் நிரப்புவது பெண்களின் கைவேலை. ஒருவர் அபாயா தைக்கிறார், ஒருவர் கருவாடு போடுகிறார், ஒருவர் பெருநாளுக்கு வட்டிலப்பமும் கேக்கும் செய்து கொடுக்கிறார், சிலர் பனையோலையில் பெட்டி இழைக்கிறார்கள். இவற்றை யாரும் ‘தொழில்’ என்று சொல்வதில்லை. ‘உம்மா சும்மா இருக்கிற நேரத்தில் செய்வது’ என்பார்கள். (சும்மா இருக்கிற நேரம் எந்த உம்மாவுக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.)

என் உம்மா தைக்கிறார். கணக்கீடு படிக்கத் தொடங்கிய பிறகு, அவரது தையலுக்கென்று நான் ஒரு கொப்பி போட்டேன். ஒரு மாதத்தின் பக்கத்தை அவரது அனுமதியோடு இங்கே தருகிறேன். தையல் கூலியாக வந்தது 23,400 ரூபாய். நூல், ஊசி, லைனிங் துணி, பொத்தான், மெசினுக்கு எண்ணெய் எல்லாம் சேர்த்து 4,150. மிச்சம் 19,250. மாதக் கடைசியில் உம்மாவின் கைப்பையில் இருந்தது 2,550. “நாள் முழுக்கத் தச்சும் ஒண்டும் மிஞ்சல்ல” என்பது அவர் எப்போதும் சொல்வது. கொப்பி வேறு மாதிரிச் சொன்னது. இடையில் 16,700 ரூபாய் அரிசிக்கும், தம்பியின் ரியூசனுக்கும், மின்கட்டணத்துக்கும், உம்மம்மாவின் மருந்துக்கும் போயிருந்தது. அது தையலின் செலவு அல்ல; எடுப்பனவு. தையல் தொழில் 19,250 உழைத்திருக்கிறது, வீடு அதில் 16,700ஐ எடுத்திருக்கிறது. மிஞ்சவில்லை என்பதும், கொடுத்துவிட்டேன் என்பதும் ஒன்றல்ல.

கொப்பியில் நேரத்துக்கும் ஒரு நிரல் போட்டேன். அந்த மாதம் 118 மணித்தியாலம். 19,250ஐ 118ஆல் பிரித்தால் மணிக்கு ஏறத்தாழ 163 ரூபாய். இதைப் பார்த்த பிறகுதான் சொந்தக்காரர்களின் பழைய உடுப்புகளைக் காசில்லாமல் திருத்திக் கொடுக்கும் வேலை எத்தனை மணித்தியாலத்தை விழுங்குகிறது என்பது எங்களுக்கு விளங்கியது. சொந்தத்திடம் காசு கேட்பது வெட்கம் என்று உம்மா சொல்வதும் நியாயம்தான். எனவே அவர் கேட்பதில்லை. பதிலாக, அந்த மணித்தியாலங்கள் ‘அன்பளிப்பு’ என்று பதியப்படுகின்றன. கொடுப்பது அவர் விருப்பம், எவ்வளவு கொடுத்தார் என்பது அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். றமழானில் ஓடர் எடுப்பதைப் பதினைந்தாம் நோன்போடு நிறுத்துவது என்றும் முடிவாயிற்று. கடைசிப் பத்து இரவுகள் தொழுகைக்கு வேண்டும், நோன்பு திறக்கும் நேரத்தில் உம்மா மெசினில் இருப்பது வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.

இப்படிப் பிரித்து எழுதினால் குடும்பம் பிரிந்துவிடாதா, கணவன் மனைவிக்குள் என்ன கணக்கு என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும். மார்க்கம் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. வீட்டின் உணவு, உடை, இருப்பிடம் கணவரின் பொறுப்பு. மனைவியின் மஹரும் அவள் உழைத்ததும் வாரிசாகப் பெற்றதும் அவளுடைய சொத்து. அவள் வீட்டுக்குக் கொடுத்தால் அது அவள் மனமுவந்து கொடுப்பது. இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் மனைவி ஸைனப் (ரழி) அவர்கள், தம் கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் தாம் செலவிடுவது தர்மமாகுமா என்று கேட்டனுப்பியபோது, உறவைப் பேணியதற்கு ஒன்று, தர்மத்துக்கு ஒன்று என இரு கூலிகள் உண்டென நபி (ஸல்) அவர்கள் பதிலளித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நாம் பெரும்பாலும் பதிலை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறோம். அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். பணம் தம்முடையது என்று தெரிந்த ஒருவர்தான் அப்படிக் கேட்க முடியும். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆம் வசனமும் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியதே. சிறிய தொகையாயினும் எழுதச் சோர்வடைய வேண்டாம் என்ற கருத்தும் அதில் உண்டு.

எழுதிவைப்பதன் அருமை எங்கள் மாவட்டத்து மூத்தவர்களுக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக்கும் புத்தளம் பகுதிக்கும் போனார்கள். உம்மம்மா அப்போது ஒரு சீட்டில் சேர்ந்திருந்தார். சீட்டுப் பாதியில் நின்றது, ஆட்கள் வெவ்வேறு முகாம்களில் சிதறினார்கள். சீட்டைப் பிடித்தவர் தன் கொப்பியை உடுப்புப் பைக்குள் வைத்துக் கொண்டுபோயிருந்தார். பல ஆண்டுகள் கழித்து, அந்தக் கொப்பியைப் பார்த்து உம்மம்மாவுக்கு வரவேண்டியதை இரண்டு தடவையில் கொடுத்து முடித்தாராம். நகைகளையும் தளபாடங்களையும் பற்றிப் பேசும்போது உம்மம்மா அழுவார். இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் வேறு மாதிரி இருக்கும்.

இனிக் கடன் பற்றி. உம்மாவின் மெசின் பழையது. ஓரம் அடிக்கும் ஓவர்லொக் மெசின் ஒன்று இருந்தால் வேலை பாதி நேரத்தில் முடியும். அதன் விலை ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வீடு தேடி வந்த ஒரு கடன்காரர் ஒரு இலட்சம் தருவதாகவும், வட்டி ‘வெறும் 24 சதவீதம்’ என்றும், 52 கிழமைகளில் கிழமைக்கு 2,385 ரூபாய் கட்டினால் போதும் என்றும் சொன்னார். வட்டி ஹராம் என்பதே எங்களுக்குப் போதுமான பதில். ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் கட்டுவது 124,000. முதல் கிழமையிலிருந்தே முதல் திரும்பிப் போவதால், ஆண்டு முழுவதும் சராசரியாக உம்மாவின் கையில் இருப்பது அரை இலட்சம் அளவுதான். அதற்கு 24,000 வட்டி. குறைந்து செல்லும் நிலுவையின்படி கணக்கிட்டால் உண்மையான வட்டி 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. 2018இல் அரசாங்கம், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. வடக்கு மாவட்டங்களும் அதில் இருந்தன. ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுத்த குடும்பங்கள் எங்கள் கண்முன்னே இருக்கின்றன. காற்றடிக்கும் கிழமையிலும் தவணை நிற்காது என்பதே கடல் வீடுகளுக்கு இதில் உள்ள பெரிய ஆபத்து.

மாற்று வழி சீட்டு. இருபது பேர், மாதம் 5,000, கையில் கிடைப்பது ஒரு இலட்சம், குலுக்கல் முறை. ஏலச் சீட்டில் தள்ளிக் கொடுக்கும் கழிவு வட்டியைப் போன்றது என்பதால் அதில் சேரவில்லை. சீட்டிலும் குறை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. முன்னால் எடுத்தவர் பின்னர் கட்டாமல் விடலாம். விலை ஏறும் காலத்தில் கடைசியாக எடுப்பவர் நட்டப்படுகிறார். 2022இல் கடைசிச் சீட்டு எடுத்தவரின் ஒரு இலட்சம், ஆண்டின் தொடக்கத்தில் எடுத்தவரின் ஒரு இலட்சம் வாங்கியதை வாங்கவில்லை. ஆகவே தெரிந்தவர்கள் மட்டும் சேர்ந்த, ஒவ்வொரு மாதமும் கையொப்பம் வாங்கும் சீட்டாகப் பார்த்து உம்மா சேர்ந்தார்.

மாதம் 5,000 எங்கிருந்து வரும் என்று பேசத்தான் நாங்கள் எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம். மிஞ்சும் 2,550 போக இன்னும் 2,450 வேண்டும். வாப்பா கொப்பியை வாங்கி 16,700 என்ற எண்ணுக்குக் கீழே இருந்த வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “கரண்ட் பில்லை இனி நான் பாக்கிறன்” என்றார். அந்த மாதம் அது 2,600 ரூபாய். கடலில்லாத மாதத்தில் உம்மா கட்டினால், அதை வாப்பா வாங்கிய கடனாக எழுதுவது என்று வாப்பாவே சொன்னார். உம்மா வேண்டாம் என்றார், வாப்பா எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன்.

குலுக்கலில் உம்மாவுக்கு ஏழாவது சீட்டு விழுந்திருக்கிறது. அதுவரை ஓரம் அடிக்கும் வேலையைப் பக்கத்து வீட்டு ராத்தாவின் மெசினில், உடுப்பொன்றுக்கு 80 ரூபாய் கொடுத்துச் செய்விக்கிறோம். அந்த 80 கொப்பியில் தையலின் செலவுப் பக்கத்தில் வருகிறது.