வீட்டுத் தோட்டத்தில் பீட்ரூட்

நம் சமையலறையில் இன்று இடம்பெற்றுள்ள காய்கறிகளுள் பல, பிற நாடுகளிலிருந்து வந்தவை. பீட்ரூட் என்னும் செங்கிழங்கும் அவற்றுள் ஒன்று. மத்தியதரைக் கடலை அடுத்த கரைகளிலும், மேலை ஐரோப்பாவின் கடற்கரைகளிலும் தானே முளைத்து வளரும் ஒருவகைக் கீரையே இதன் மூதாதை. பண்டைக் கிரேக்கரும் உரோமரும் இதன் இலையையே பெரிதும் உணவாகக் கொண்டனர். திரண்ட கிழங்கு உடைய வகை பின்னரே பெருவழக்காயிற்று. 1747ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து வேதியியல் அறிஞர் மார்க்கிராப் என்பார், இக்கிழங்கிலுள்ள இனிப்பும் கரும்பிலுள்ள சர்க்கரையும் ஒன்றே எனக் கண்டறிந்தார். இன்றும் குளிர்நாடுகள் பலவற்றில், இவ்வினத்து வெண்கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கின்றனர்.

மண்ணுக்கடியில் இச்செடி சர்க்கரையைச் சேர்ப்பது எதற்காக? பீட்ரூட் ஈராண்டுச் செடியாகும். முதலாண்டில், இலைகள் கதிரவன் ஒளியால் ஆக்கிய உணவில் எஞ்சியதை வேரில் சேமித்து வைக்கும். குளிர்காலம் கழிந்ததும் அச்சேமிப்பைச் செலவிட்டுப் பூத்து, விதை ஈன்று மடியும். நாம் கிழங்கு என்று உண்பது அவ்வாறு பருத்த வேரையே ஆகும். தமிழ்நாட்டுச் சமவெளியில் இச்செடியைப் பூக்கத் தூண்டும் கடுங்குளிர் இல்லை. ஆதலின், இங்கே கிழங்கு விளையுமேயன்றி விதை விளைவதில்லை.

நீலகிரி போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகள் இதற்கு மிகவும் ஏற்றவை. சமவெளியிலோ, அடைமழை ஓய்ந்து பனி தொடங்கும் மார்கழியே விதைப்பதற்கு நல்ல காலம். வெயில் நன்கு படும் இடத்தைத் தேர்ந்து, ஒரு சாண் ஆழத்திற்கு மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்குதல் வேண்டும். கல்லும் கட்டியும் கிடப்பின் வேர் கோணிப்போகும். நன்கு மக்கிய தொழுவுரத்தை இடலாம். பச்சைச் சாணத்தை இட்டால் வேர் பல கிளையாகப் பிரியும். தழையுரம் மிகுந்தால் இலை செழிக்கும், கிழங்கு சிறுத்துவிடும்.

பீட்ரூட் விதை என்று கடையில் விற்கும் கரடுமுரடான மணி, பெரும்பாலும் ஒரு விதையன்று. பல விதைகள் ஒட்டி இறுகிய கொத்தாகும். அதனை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, 30 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள வரிசைகளில், 2 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுதல் வேண்டும். ஏறக்குறைய பத்து நாட்களுக்குள் முளை தோன்றும். ஊன்றிய மணி ஒன்றே. முளைப்பனவோ இரண்டு, மூன்று, சிலபோது நான்கு.

தோட்டம் இடுவோர்க்கு அரிய செயல் இனிமேல்தான் வருகின்றது. நாற்றுகள் நான்கு இலை விட்டதும், 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, வலியதொன்றை நிறுத்தி, ஏனையவற்றை நீக்கிவிடல் வேண்டும். நோயும் குறையும் இல்லாத பசுங்கன்றைப் போக்கப் பலர்க்கும் மனம் வாராது. இரக்கத்தால் எல்லாவற்றையும் விட்டுவைத்தவர், இரண்டு திங்கள் கழித்துத் தோண்டிப் பார்த்தால், சுண்டுவிரல் பருமனுள்ள வேர்களையே காண்பர். ஒரு சாண் நிலத்திலுள்ள நீரும் உரமும் ஓர் அளவினவே. அவற்றைப் பலவும் பங்கிட்டுக் கொண்டால் ஒன்றும் தேறாது. நாற்றுகளின் வேர்கள் தம்முள் பின்னிக் கிடக்குமாதலின், வேண்டாதவற்றை இழுத்துப் பிடுங்காமல், தரையோடு கிள்ளிவிடுதலே நன்று. கிள்ளிய நாற்றும் வீணாவதில்லை. பீட்ரூட் தண்டுக்கீரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இளந்தழை நல்ல கீரையாகும்.

பின்னர் வேண்டுவது ஒரே சீரான ஈரம். பலநாள் வறண்டால் கிழங்கில் நார் மிகும்; வறண்டபின் திடீரென நீர் பெருகினால் கிழங்கு வெடிக்கும்.

விதைத்த 60 நாள் முதல் 75 நாளுக்குள், கிழங்கின் மேற்பகுதி மண்ணுக்கு மேலே தலைகாட்டும். அதன் குறுக்களவு 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆனதும் அகழ்ந்தெடுத்தல் வேண்டும். இன்னும் பெருக்கட்டும் என்று காத்திருப்பவர்க்கு எடை மிகும், சுவையோ குன்றும். அகழ்ந்தவுடன், 3 சென்டிமீட்டர் காம்பை விட்டு, இலைகளைத் திருகி எடுப்பர். கிழங்கை ஒட்ட அறுத்தாலும், வால்போன்ற அடிவேரைத் துணித்தாலும், வேகும்பொழுது செந்நிறம் நீரில் வடிந்துவிடும். கிழங்கைக் குறுக்கே அரிந்தால் வளையம் வளையமாகத் தோன்றும். அவை மரத்தின் வளையங்கள்போல ஆண்டுக்கு ஒன்றாக உண்டானவை அல்ல. அனைத்தும் ஒரே பருவத்தில் அமைந்தவை.

பீட்ரூட் வளர்ப்பதற்குப் பெருநிலமோ பெரும்பொருளோ வேண்டுவதில்லை. நான்கடிப் பாத்தியே போதும். ஆனால், விதைக்கும் காலம் அறிதலும், மிகையை நீக்கும் துணிவும், போதும் என்று அகழும் அளவும் வேண்டும். இம்மூன்றும் உடையவர்க்கு அச்சிறு பாத்தி, மாசித் திங்களில் கூடை நிறையக் கிழங்கு தரும்.