வேருக்கு நீர்

இராசபாளையத்தை அடுத்துள்ள செட்டியார்பட்டி, மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே அமைந்த ஊராகும். அம்மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து, அதன் மழையில் பெரும்பகுதியை மேற்குச் சரிவிலேயே பெய்யச் செய்துவிடுகின்றது. ஆகவே, இப்பகுதி உழவர் ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியுள்ளனர். அம்மழை கண்மாய்களை நிரப்பினால் கிணறுகளில் நீர் ஊறும்; பொய்த்தால் கோடைக்கு முன்பே கிணற்றின் அடி தெரியும். கத்தரியும் தக்காளியும் மிளகாயும் காய்க்கும் வேளையில் நீர் அற்றுப்போனால், உழவரின் உழைப்பும் கடன் பெற்று இட்ட முதலும் ஒருங்கே அழியும். எனவே, இருக்கும் சிறிதளவு நீரைப் பயிருக்கு எங்ஙனம் ஊட்டுவது என்பதே இத்தகைய நிலத்தின் முதற் கேள்வியாகும்.

வாய்க்கால் வழியே நீர் பாய்ச்சும்போது நிகழ்வதை எண்ணிப் பார்ப்போம். ஒரு பகுதியை வாய்க்கால் மண்ணே உறிஞ்சும். ஒரு பகுதி வெயிலில் ஆவியாகும். ஒரு பகுதி வேர் எட்டாத ஆழத்திற்கு இறங்கிவிடும். எஞ்சியதிலும் களைகள் பங்கு கொள்ளும். நாம் நிலம் முழுவதையும் நனைக்கின்றோம். நீரை வேண்டுவதோ வேர். இவ்வுண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய பானையைத் தென்னங்கன்றின் அருகே புதைத்து, அதில் நீர் நிரப்பி வைப்பது நம் நாட்டு வழக்கம். சீனாவிலும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மட்கலங்களைப் புதைத்துப் பயிர் வளர்த்தனர்.

இக்காலச் சொட்டு நீர்ப் பாசனத்திற்கு வடிவம் தந்தவர், இஸ்ரேல் நாட்டுப் பொறியாளர் சிம்சா பிளாஸ் ஆவார். 1930-களில், நீர் கசியும் குழாயின் அருகே நின்ற மரம் மட்டும் மற்றவற்றினும் ஓங்கி வளர்ந்திருந்ததை அவர் கண்டார். பின்னர்ப் பிளாஸ்டிக் குழாய்கள் பெருகிய காலத்தில், நீர் நெடிய வளைவுப் பாதையில் சென்று விரைவு குறைந்து சொட்டும் கருவியை அமைத்தார். 1965-இல் ஹட்செரிம் என்னும் கூட்டுப்பண்ணை அவரோடு சேர்ந்து அக்கருவியை உலகிற்கு அளிக்க முன்வந்தது.

இம்முறையில் காய்கறி பயிரிடுவோர், முதலில் தொழுவுரமிட்டு மேட்டுப்பாத்தி அமைப்பர். அதன்மீது சொட்டுக் குழாயை நீட்டி, மேலே பிளாஸ்டிக் நிலப்போர்வையை விரித்து, ஓரங்களை மண்ணிட்டு மூடுவர். பின்னர்ப் போர்வையில் துளையிட்டு நாற்று நடுவர். போர்வையின் கறுப்பு நிற அடிப்புறம் ஒளியை மறைப்பதால் களை முளைப்பதில்லை. வெள்ளி நிற மேற்புறம் ஒளியைத் திருப்பி வீசுவதால் அசுவினி போன்ற பூச்சிகளின் வரவு குறையும். மண்ணின் ஈரமும் எளிதில் ஆவியாவதில்லை. மணிக்கு 2 லிட்டர் சொட்டும் துளை, ஒன்றரை மணி நேரத்தில் 3 லிட்டர் நீரை வேரடியில் சேர்க்கும். நீரில் கரையும் உரத்தையும் அக்குழாய் வழியே செலுத்தலாம்.

தமிழ்நாட்டில் இதற்குச் சிறந்த சான்று தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்களில் உண்டு. வறட்சி மிக்க அப்பகுதியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2004-05-ஆம் ஆண்டு முதல் மூன்றாண்டுகளில் 400 எக்டேர் நிலத்தில் துல்லியப் பண்ணைத் திட்டத்தை நடத்தியது. சொட்டு நீரும் நீர்வழி உரமும் கொண்டு உழவர்கள் தக்காளி முதலிய காய்கறிகளை விளைவித்தனர். சங்கம் அமைத்து விளைபொருளை விற்கவும் கற்றனர். இன்று தமிழ்நாட்டில் சிறு, குறு உழவர்க்குச் சொட்டு நீர்க் கருவிகள் முழு மானியத்தில் அளிக்கப்படுகின்றன.

ஆயினும், கருவி ஒன்றே பயன் தந்துவிடாது. கிணற்று நீரிலுள்ள உப்பும் மண்ணும் நுண்துளைகளை அடைத்துவிடும்; ஆதலால் வடிகட்டியைத் தவறாது கழுவுதல் வேண்டும். அறுவடைக்குப்பின் போர்வையை மண்ணிலேயே விட்டுவிட்டால், அது கிழிந்து சிறு துணுக்குகளாகி, மட்காமல் நெடுங்காலம் நிலத்தைக் கெடுக்கும். எரித்தாலோ நச்சுப்புகை எழும். அதனை முழுதும் அகற்றி, மறுசுழற்சிக்கு அனுப்புதலே முறை. அவ்வாறு செய்ய இயலாதவர் கரும்புத் தோகை, வைக்கோல், தென்னையோலை ஆகியவற்றை மூடாக்காக இடலாம்; அவை மட்கி மண்ணுக்கே உரமாகும்.

மற்றுமொன்றும் கருதத்தக்கது. மிச்சப்பட்ட நீர் முழுவதையும் கொண்டு மேலும் மேலும் நிலத்தைப் பயிரிட்டால், கிணற்றுக்கு ஓய்வு ஏது? ஒருவர் கிணற்றில் மிகுதியாக இறைக்கும் நீர், அயலார் கிணற்றின் ஊற்றையும் குறைக்கும். சிக்கனத்தின் பயன் ஒருவர் பையில் மட்டுமன்றி, ஊர் முழுவதற்கும் உரிய நிலத்தடியிலும் சேர வேண்டும். அளவறிந்து இறைத்து, வேரறிந்து ஊட்டி, மண்ணைத் தூய்மையாக அடுத்த தலைமுறைக்கு அளிப்பவரே நல்லுழவர் ஆவர்.

வினாக்கள்

1. வாய்க்கால் பாசனத்தில் நீர் எவ்வெவ்வழிகளில் வீணாகின்றது?
2. நிலப்போர்வையின் இரு நிறங்களும் பயிருக்கு எவ்வாறு உதவுகின்றன?
3. சொட்டு நீர்ப் பாசனம் செய்தும் கிணறு வற்றக்கூடும். ஏன்? விளக்குக.