மலையேறப் போறீங்களா? படியில ஆரம்பிங்க!

கடலூர், சிதம்பரம் பக்கத்து ஜனங்களுக்கு மலை என்றாலே ஒரு மயக்கம். இருக்காதா பின்னே? சுற்றிலும் கடல், வயல், உப்பங்கழி. மேடு என்று சொல்ல, கடலூரில் கேப்பர் மலை, திருவந்திபுரத்தில் ஔஷதகிரி. அவ்வளவுதான்! அதனால் லீவு விட்டதுமே, ‘கல்வராயன் மலை போகலாமா, கொல்லிமலை போகலாமா, கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கலாமா?’ என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிடும்.

தாராளமாகப் போங்க. ஆனால் ஒரு விஷயம். வீட்டில் நெஞ்சு வலித்தால் 108-க்குப் போன் பண்ணலாம். காட்டுக்குள் போன் எடுக்காது, ஆம்புலன்ஸ் வராது. அங்கே உங்களைக் காப்பாற்றப் போவது, ஊரிலேயே நீங்கள் செய்து முடித்த ஏற்பாடுகள்தான். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

அனுமதி முதலில், மூட்டை பிறகு

2018 மார்ச் 11 ஞாபகமிருக்கிறதா? தேனி மாவட்டம் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. காய்ந்த புல் நிறைந்த கோடைக் காடு எவ்வளவு ஆபத்து என்பதற்கு அதுவே பாடம். தீ, சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும் என்பதையும் மறக்காதீங்க.

காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தைத் தொடங்கி, 40 நடைபாதைகளை அறிவித்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். முதல் தடவையா? எளிதான பாதையில் பகலில் நடங்கள். ராத்திரி அனுமதி உள்ள இடத்தில் தங்குங்கள். வனத்துறை ‘பாதை மூடியிருக்கு’ என்றால் வாதாடாமல் தேதியை மாற்றுங்கள்.

உடம்பு தயாரா?

கோவை வெள்ளியங்கிரி மலை ஏறும் பக்தர்களில் சிலர், பாதி வழியில் மூச்சுத் திணறியும் மாரடைப்பாலும் இறந்த செய்தி 2024-லும் வந்தது. மலையைக் குறை சொல்லிப் பயனில்லை. வருஷம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஒரே நாளில் ஏழு மலை ஏறினால் இதயம் என்ன செய்யும், பாவம்!

நாற்பதைத் தாண்டியவர்கள், பி.பி., சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டே முடிவு செய்யணும். மற்றவர்களும் ஆறு வாரம் முன்பே பயிற்சி தொடங்கிடுங்க.

முதல் இரண்டு வாரம்: தினமும் முக்கால் மணி நேரம் வேக நடை. சிதம்பரத்தில் தேரோடும் நாலு வீதிகளைச் சுற்றுங்கள். கடலூரில் சில்வர் பீச் மணல்.

அடுத்த இரண்டு வாரம்: படி. ஔஷதகிரியின் படிகளை மெதுவாக ஏறி இறங்குங்கள். பேரே மருந்து மலைதானே! இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை அதிகம். அதற்கும் பழக்கம் வேண்டும்.

கடைசி இரண்டு வாரம்: அதே படிகளை முதுகில் மூட்டையோடு. ஏறும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? சரியான வேகம். பேச்சு திணறுகிறதா? வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சில் அழுத்தமோ, தலைசுற்றலோ வந்தால் பயணத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் 1892-ல் ஒரு கணக்கு சொன்னார். சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி. உயரம் 600 மீட்டர் ஏற இன்னும் ஒரு மணி. நம்மைப் போன்ற புதியவர்கள் மணிக்கு 3 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 9 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் மூணும் ஒண்ணும் நாலு மணி. ஓய்வுக்கு ஒரு மணி. ஆக, ஐந்து. காலை 7-க்குக் கிளம்பினால் 12-க்குப் போய்ச் சேரணும். 10 மணிக்குள் பாதி தூரம் தாண்டலையா? திரும்பிடுங்க. இந்த ‘திரும்பும் நேரத்தை’ வீட்டிலேயே பேசி முடிவு செய்யணும். மேலே போன பிறகு ஆசைதான் பேசும், அறிவு பேசாது!

மூட்டையில் என்ன?

60 கிலோ எடையுள்ளவர் அதிகபட்சம் 12 கிலோ சுமக்கலாம். புதியவர் 8 கிலோவோடு நிறுத்துவது நல்லது. இதில் தண்ணீரே 3 லிட்டர், அதாவது 3 கிலோ!

உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். கடலூரில் 30 டிகிரி என்றால் 2000 மீட்டர் உயரத்தில் பகலிலேயே 17 டிகிரிதான். ராத்திரி இன்னும் குளிரும். அதனால் ஸ்வெட்டர், மழைக்கோட்டு, மாற்று சாக்ஸ் கட்டாயம். பழகிய ஷூ போடுங்கள். புது ஷூ கொப்புளம் தரும்.

வழக்கமான மாத்திரைகள் ஒரு நாள் கூடுதலாக, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், பாரசிட்டமால், பேண்டேஜ், டார்ச், விசில். சர்க்கரை நோயாளிகள் கையில் குளுக்கோஸ். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கணும்.

பாம்பு கடித்தால் கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க. கடிபட்ட காலை அசைக்காமல் குச்சி வைத்துக் கட்டி, ஆளைத் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

போகும் பாதை, தங்குமிடம், திரும்பும் நேரம் மூன்றையும் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வந்த பிறகும் கவனம்

திரும்பி வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் ‘அலுப்பு’ என்று விட்டுவிடாதீர்கள். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து ‘ஸ்க்ரப் டைபஸ்’ வரலாம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது போல் கருப்புப் பொருக்கு இருக்கிறதா பாருங்கள். சிலருக்கு அது இருக்காது. ஆகவே டாக்டரிடம் முதல் வார்த்தையாக, ‘மலைக்குப் போய் வந்தேன்’ என்று சொல்லுங்கள். நேரத்தில் தெரிந்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகும். தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து.

மலை எங்கேயும் போய்விடாது. இந்த வருஷம் பாதி வழியில் திரும்பினால், அடுத்த வருஷம் உச்சிக்குப் போகலாம். நாளைக் காலை, முதலில் அந்த நாலு வீதி நடையைத் தொடங்குங்கள்!