பத்துக்கு ஏழு

எனக்கு நாரி நோ வந்து 9 வருடம். ஸ்காபரோவில் ஒரு பக்டரியில் பெட்டி தூக்கித் தூக்கித் தேடிக்கொண்டது. ஸ்கானில் பெரிதாக ஒன்றும் இல்லை. மாத்திரை, பிசியோ, எண்ணெய்ப் பூச்சு எல்லாம் பார்த்த பிறகு குடும்ப வைத்தியர் ஒரு வகுப்புக்குப் போகச் சொன்னார். "நோவுக்கும் வகுப்போ?" என்று என் மனுசன் சிரித்தார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

கிழமைக்கு இரண்டரை மணித்தியாலம், 6 கிழமை, கட்டணம் இல்லை. நடத்திய இருவரும் வைத்தியர்கள் அல்லர். ஒருவருக்குத் தீராத கழுத்து நோ. பாதியில் எழுந்து சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே பேசுவார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. இந்தப் பாடத்திட்டத்தை 1990களில் நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத் தாதியியல் பேராசிரியர் சாண்ட்ரா லெஃபோர்ட் உருவாக்கினார். ஸ்டான்ஃபோர்டில் கேட் லோரிக் மூட்டுவாதக்காரருக்குத் தொடங்கிய வகுப்புத்தான் இதற்கு அடி. நோயோடு வாழ்பவரே முன்னால் நின்று நடத்துவதும் அங்கிருந்து வந்த வழக்கம்.

நோ 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட நோ. புண் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் உசாராகவே இருக்கலாம் என்று விளங்கப்படுத்தினார்கள். பக்கத்தில் இருந்த அம்மா, "கள்ளன் போன பிறகும் தபால்காரனைக் கண்டு குலைக்கிற நாய் மாதிரி" என்றார். அவ்வளவுதான். நோ பொய்யில்லை, ஆனால் ஒவ்வொரு குத்தும் புதுக் காயமுமில்லை. (காலில் பலம் குறைந்தாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ வகுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.)

நான் கெட்டது நல்ல நாட்களில். நோ குறைந்த சனிக்கிழமையில் இடியப்பம் 60 பிழிந்து, குசினி கழுவி, உடுப்பும் தோய்த்துவிடுவேன். பிறகு புதன் வரை படுக்கை. நோ வந்ததும் நிற்பாட்டுவதல்ல, மணிக்கூட்டைப் பார்த்து நிற்பாட்டுவதே வழி என்றார்கள். இப்போது 15 நிமிடத்துக்கு அலாரம் வைக்கிறேன். நோகாவிட்டாலும் உரலைக் கீழே வைப்பேன், 5 நிமிடம் நடப்பேன், பிறகு வருவேன். எங்கள் பெண்களுக்கு இது மருந்து குடிப்பதைவிடக் கசப்பு. பாதி மாவு குழைந்தபடி கிடக்க எழுந்து போக மனம் வராது. எனக்குப் பழகவே 2 மாதம் பிடித்தது.

ஒவ்வொரு கிழமையும் ஒரு செயல்திட்டம் சொல்ல வேண்டும்: என்ன, எவ்வளவு, எப்போது, எத்தனை நாள். "ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் நடப்பன்" என்றேன். செய்வேன் என்ற நம்பிக்கை பத்துக்கு எத்தனை என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன்: நாலு. ஏழுக்குக் குறைந்தால் திட்டத்தைச் சின்னதாக்க வேண்டுமாம். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வரும்போது 10 நிமிடம், கிழமைக்கு 4 நாள் என்று வெட்டினோம். எட்டு. அந்தக் கிழமை 4 நாளும் நடந்தேன், பனி கொட்டியும்.

குறையும் உண்டு. தளர்வுப் பயிற்சி முழுக்க ஆங்கிலம். கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் உடம்பு எங்கே தளரும்? வீட்டில் மகளைத் தமிழில் மெதுவாகப் பேசச் சொல்லிப் போனில் பதிந்து வைத்திருக்கிறேன். அவளுக்கு நாரி என்ற சொல்லையே நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

போகிறவர்கள் ஒரு சிறு தலையணை கொண்டு போங்கள், கதிரைகள் மோசம். எழுந்து நிற்கக் கூச்சப்படாதீர்கள், பாதிப் பேர் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். மாத்திரையைக் குறைக்க ஆசை வந்தால் வைத்தியரிடம் கேளுங்கள், வகுப்புத் தோழியிடம் அல்ல.

தபால்காரன் கதை சொன்ன அந்த அம்மா ஞாயிறு இரவில் போன் எடுப்பார். சுகம் விசாரிப்பதில்லை. "இந்தக் கிழமை என்ன? பத்துக்கு எத்தினை?" என்பார். போன ஞாயிறு நான் சொன்னது: "இடியப்பம் 20, மிச்சம் கடையிலை. ஒன்பது."